விளங்காச் சொல்லுக்கு விலை கொடுப்பதோ?

(புதுமனை அமைப்போர்க்கு ஆற்றிய உரை)



ஒருவன் தன் வாழ்நாளில் இடும் கையெழுத்துகளுள் மிகப் பெருந்தொகைக்குரியது, பெரும்பாலும், வீட்டின் பொருட்டு இடும் கையெழுத்தே ஆகும். பல்லாண்டு உழைப்பும், மனைவியின் கழுத்தணியும், வங்கியில் பெற்ற கடனும் அக் கையெழுத்தினுள் அடங்கிக் கிடக்கின்றன. அத்துணைப் பெருந்தொகைக்குரிய தாளில் எழுதப்பட்டுள்ள சொற்களுள் எத்தனையை அவன் விளங்கிக்கொண்டு கையெழுத்திடுகின்றான்? இதுவே இவ்வுரை எழுப்பும் வினா.

நகர்ப்புறத்தில் புதுவீடு பெறும் குடும்பத்தின் கைக்குத் திறவுகோல் வந்து சேருமுன்னரே, உள்ளமைப்பு வேலை செய்து தருவோரின் விலைப்பட்டியல் வந்து சேர்ந்துவிடுகின்றது. நாற்பது வரி, ஐம்பது வரி. கார்ப்பெட் ஏரியா, கார்க்கசு, சட்டர், பிளைவுட்டு, லேமினேட்டு, வெனீர், டேடோ, சுகர்ட்டிங்கு, பால்சு சீலிங்கு, ரன்னிங் பீட்டு எனச் சொற்கள் அணிவகுத்து நிற்கின்றன. வீட்டுத் தலைவன் படிக்கின்றான், தலைவி படிக்கின்றாள், கல்லூரியில் பயிலும் மகளும் வாங்கிப் பார்க்கின்றாள். ஒருவர்க்கும் முற்ற விளங்கவில்லை. கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்னும் நாணம் ஒருபுறம். 'இறுதித் தொகை எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்' என்னும் சோர்வு மறுபுறம். கையெழுத்து விழுந்துவிடுகின்றது. விளங்காமல் விட்ட சொல் ஒவ்வொன்றும் பின்னர்ப் பணமாக மாறி அவன் மடியை விட்டு வெளியேறுகின்றது.

இஃது ஆங்கிலம் அறியாமையால் மட்டும் நேர்வதன்று. ஆங்கிலம் நன்கு கற்றவரும் 'கார்க்கசு' என்றால் விலங்கின் உயிரற்ற உடல் என்றே அறிவர். கதவு நீங்கலாக நிற்கும் பெட்டிக்கூட்டினை அச்சொல் குறிக்கும் என்பதை அறியார். 'டேடோ' என்பது இத்தாலிய மொழியில் சூதாடு கவற்றைக் குறித்த சொல். அது தூண்பீடத்தின் நடுப்பகுதிக்குப் பெயராகி, பின்னர்ச் சுவரின் கீழ்ப்பகுதிக்குப் பெயராகி, இன்று குளியலறைச் சுவரில் எவ்வளவு உயரத்திற்கு ஓடு பதிப்பது என்பதைக் குறிக்கும் சொல்லாக வந்து நிற்கின்றது. 'சட்டர்' என்றால் கடைத்தெருவில் சுருட்டி ஏற்றும் இரும்புக் கதவு. நிலைப்பேழையிலோ அது மரப்பலகைக் கதவு. எனவே, பட்டம் பெற்றவரும் பட்டியலின் முன் எழுத்தறியாதவராகவே நிற்கின்றனர்.

பழங்காலத்தில் வீடு கட்டியவன் எழுத்தறியாதவனாகவே இருந்திருக்கலாம். ஆயினும், தன் வீட்டின் உறுப்புகளைப் பெயர்சொல்லிச் சுட்டும் அறிவு அவனிடம் இருந்தது. திண்ணை, இடைகழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, பரண், மாடம். நிலை, படி, கதவு, கீல், தாழ். உத்தரம், விட்டம், கைமரம் என்று தச்சரும் கொத்தரும் பேசிய மொழியே வீட்டுக்காரனும் பேசிய மொழி. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்னும் பெயர்களைச் சிறு பிள்ளைகளும் அறிவர். தச்சன் 'நிலை' என்றால் எது நிற்கின்றது என்பதும், 'படி' என்றால் எது கிடக்கின்றது என்பதும் வீட்டுக்காரனுக்குத் தெரியும். தெரிந்ததால் கேட்டான், கேட்டதால் ஏமாறாதிருந்தான்.

பெயரே பயனைச் சொல்லும் இயல்பு அச்சொற்களுக்கு இருந்தது. காற்று வரும் திறப்பைத் தமிழர் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சொல்லைப் பிரித்தால் வேலை விளங்கிவிடும். பல கண்களை உடையதாகச் செய்யப்பட்டது 'பலகணி'. 1498-ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக் கரையில் போர்ச்சுகீசியர் வந்திறங்கிய பின்னர், அவர்தம் மொழியிலிருந்து சன்னல், அலமாரி, சாவி, மேசை முதலிய சொற்கள் தமிழரின் வீட்டினுள் புகுந்தன. அவற்றுக்கு ஈடாகக் காலதர், நிலைப்பேழை, திறவுகோல் முதலிய நற்சொற்கள் இருக்கின்றன. அவற்றை ஆள்வதே மொழிக்குச் செய்யும் கடன். எனினும் ஒன்றை நடுநின்று சொல்லல் வேண்டும். 'சாவி' என்று சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் அப்பொருள் எதுவென்று தெரியும். அச்சொல் மொழிக்கு இழப்பாயிற்று. ஆனால் வாங்குவோனை ஏமாற்றவில்லை. இன்றைய பட்டியற் சொற்களோ இருமுனைக் கத்தி. மொழியையும் வெட்டுகின்றன, மடியையும் வெட்டுகின்றன. ஆகவே அவற்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

பரப்பைக் குறிக்கும் சொற்கள்

தொகுப்புக் குடியிருப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று பரப்புகள் சொல்லப்படுகின்றன. 'கார்ப்பெட் ஏரியா' என்பது கம்பளம் விரிக்கத்தக்க தரை என்னும் கருத்தில் எழுந்த பெயர். அதனைப் புழங்கு பரப்பு எனலாம். 'பில்ட்டப் ஏரியா' என்பது சுவர்களின் தடிப்பையும் முகமாடத்தையும் கூட்டியது. அது கட்டடப் பரப்பு. 'சூப்பர் பில்ட்டப் ஏரியா' என்பது படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி, நுழைகூடம் முதலிய பொதுவிடங்களிலும் ஒரு பங்கைக் கூட்டிச் சொல்வது. அது பொதுப்பங்கு சேர்ந்த பரப்பு. 'சூப்பர்' என்னும் அடைமொழியைக் கேட்டு வீடு பெரிதென்று மகிழ்வார் உளர். பெரிதானது வீடன்று, கணக்கே பெரிதாயிற்று.

2016-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம், புழங்கு பரப்பு இன்னதென்று வரையறுத்துள்ளது. வெளிச்சுவர்கள், குழாய் முதலியன செல்லும் புழைகள், அவ்வீட்டுக்கே உரிய முகமாடம், திறந்த மேற்றளம் ஆகியவை நீங்கலாகவும், உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் அடங்கலாகவும் உள்ள பயன்படு தரையே அது. அச்சட்டத்தின்கீழ் வரும் குடியிருப்புகளில் அவ்வளவை விற்போர் தெரிவித்தாக வேண்டும். கேட்டுப் பெறுவது வாங்குவோர் உரிமை.

ஒரு கணக்கைக் கொள்க. சதுர அடி 6,000 உருபா வீதம், 1,200 சதுர அடி என்று ஒரு வீடு விற்கப்படுகின்றது. விலை 72,00,000 உருபா. அந்த 1,200-இல் பொதுவிடப் பங்கு 240. வெளிச்சுவரும் புழைகளும் 80. முகமாடம் 60 எனின், புழங்கு பரப்பாக எஞ்சுவது 820 சதுர அடியே. 72,00,000-ஐ 820-ஆல் வகுத்தால், காலூன்றி நடக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் அவன் கொடுத்த விலை ஏறத்தாழ 8,780 உருபா.

அதனோடு முடியவில்லை. உள்ளமைப்பு வேலை தொடங்குங்கால், '1,200 சதுர அடி வீடுதானே' என்று தரையோட்டுக்கும் அதே அளவைக் கணக்கிட்டு விடுகின்றனர். முகமாடத்தையும் சேர்த்துத் தரை 880 சதுர அடி. உள்சுவர் நிற்கும் இடத்திற்கு ஓடு வேண்டாமாதலால் உண்மைத் தேவை அதனினும் சிறிது குறையும். வெட்டுச் சேதாரத்திற்குப் பத்து விழுக்காடு கூட்டினாலும் 968 சதுர அடி போதும். எஞ்சிய 232 சதுர அடி ஓட்டுக்கு, சதுர அடி 80 உருபா எனின், 18,560 உருபா வீணாகின்றது. ஒரு சொல்லின் பொருளை வினவாமைக்கு இட்ட தண்டம் இது!

பலகையைக் குறிக்கும் சொற்கள்

உள்ளமைப்புச் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது பலகை வேலை. ஏமாற்றுக்கு மிகுதியும் இடமளிப்பதும் அதுவே. ஏனெனில், மேலே ஒன்று ஒட்டப்பட்ட பின் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

'பிளைவுட்டு' என்பது ஒட்டுப்பலகை. மரத்தை ஏடுபோல் சீவி, ஓர் ஏட்டின் நாரோட்டத்திற்குக் குறுக்காக அடுத்த ஏட்டின் நாரோட்டம் அமையுமாறு அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்வது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதால்தான் அது எளிதில் பிளவாது, வளையாது. பெரும்பாலும் எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடையது. ஆகவே ஒரு பலகை 32 சதுர அடி. அதன் ஆற்றல் மரத்தில் மட்டும் இல்லை, பசையிலும் இருக்கின்றது. 'எம்.ஆர்.' என்று எழுதப்பட்டிருப்பது காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும் வகை. நீரைத் தாங்கும் வகையன்று. கடையில் 'கமர்சியல்' என்று சொல்வதும் பெரும்பாலும் இதுவே. படுக்கையறைப் பேழைக்கு அது போதும். அடுக்களையின் கழுநீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தால் ஊறிப் பருத்துப் பிரிந்துவிடும். 'பி.டபிள்யூ.பி.' என்பது கொதிநீர் தாங்கும் வகை. 72 மணிநேரம் கொதிநீரில் இட்டும் ஏடு பிரியாமை அதற்குரிய தேர்வு.

'வாட்டர் புரூப்பு' என்று வாயால் சொல்வதற்கு எல்லை இல்லை. இந்தியத் தரப்பணியகம் வகுத்த எண்ணுக்கோ எல்லை உண்டு. பொதுப்பயன் ஒட்டுப்பலகைக்கு உரிய எண் 303. கடற்கல ஒட்டுப்பலகைக்கு உரிய எண் 710. தர முத்திரையும் அவ்வெண்ணும் பலகையின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பலகை வீட்டுக்கு வந்திறங்கிய அன்று, மேலே ஒன்றும் ஒட்டுமுன்னர், அதனைக் கண்ணால் கண்டு குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒட்டிய பின் கேட்பது, வெள்ளம் போன பின் அணை கட்டுவதாகும்.

ஒட்டுப்பலகை வேறு, மரநாரை அழுத்திச் செய்யும் நார்ப்பலகை வேறு, மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் துகள்பலகை வேறு. பின்னைய இரண்டும் விலை குறைந்தவை, மேற்பரப்பு வழவழப்பானவை, ஈரம் புகாத இடத்தில் பயன்படுபவை. அவற்றை வாங்குவது தவறன்று. ஒட்டுப்பலகையின் விலையில் அவற்றை வாங்குவதே தவறு. பட்டியலில் 'பலகை வேலை' என்று மட்டும் இருந்தால், மூன்றனுள் எது என்பது எழுதியவன் உள்ளத்தில்தான் இருக்கும்.

இனி மேலே ஒட்டுபவை. 'லேமினேட்டு' என்பது மரமன்று. பசையூட்டிய தாள்களை அடுக்கி, மேலே வண்ணமோ மரவரியோ அச்சிட்ட தாளை வைத்து, சூடும் அழுத்தமும் தந்து இறுக்கிய தகடு. தாளடுக்குத் தகடு என்று சொன்னால் அதன் பிறப்பே விளங்கிவிடும். ஒரு மி.மீ. தடிப்புள்ளதும் உண்டு, அதனினும் மெல்லியதும் உண்டு, தடிப்பை எழுதி வாங்குதல் வேண்டும். மக்கள் இதனைச் 'சன்மைக்கா' என்கின்றனர். அது பொருளின் பெயரன்று. ஒரு வணிகப் பெயர். அதற்கு முன்னோடியான 'பார்மைக்கா'வின் கதை சுவையானது. 1912-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க நாட்டில், மின்கருவிகளில் காப்புப் பொருளாகப் பயன்பட்ட மைக்கா என்னும் காக்கைப்பொன்னுக்கு மாற்றாக ஒரு பொருள் ஆக்கப்பட்டது. 'மைக்காவுக்கு மாற்று' என்னும் கருத்திலேயே அப்பெயர் அமைந்தது. ஆகவே, காக்கைப்பொன்னே இல்லாத ஒரு தாள்தகட்டைத் தமிழ்நாட்டு மக்கள் காக்கைப்பொன்னின் ஆங்கிலப் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கின்றனர்!

'வெனீர்' என்பது உண்மை மரத்தை மெல்லிதாகச் சீவிய ஏடு. மர ஏடு எனலாம். தேக்கு ஏடு ஒட்டிய கதவைத் தேக்குக் கதவு என்று விற்பதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்; கதவின் விளிம்பைப் பார்த்தால் ஏடு வேறு, பலகை வேறு என்பது வெளிப்படும். விளிம்பையும் மூடிவிட்டிருந்தால், 'முழு மரமா, மர ஏடு ஒட்டியதா?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

அளவையைக் குறிக்கும் சொற்கள்

விலை குறைவா மிகுதியா என்பது, விலையைப் பார்த்துத் தெரிவதன்று. அளக்கும் முறையைப் பார்த்துத் தெரிவது. இதனை அறியாமல் இழந்தோர் மிகப் பலர்.

ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள ஒரு நிலைப்பேழை. ஒருவர் சதுர அடி 1,500 உருபா என்கின்றார். மற்றொருவர் 700 உருபா என்கின்றார். பின்னவரே மலிவு என்று எவரும் எண்ணுவர். முன்னவர் அளப்பது முகப்பை மட்டும்: ஏழை ஆறால் பெருக்க 42 சதுர அடி; விலை 63,000 உருபா. பின்னவர் அளப்பது பலகை செல்லும் எல்லாப் பக்கங்களையும்: கதவு 42, முதுகு 42, இரு விலாப்புறம் 28, மேலும் கீழும் 24, நடுத்தடுப்பு 14, நான்கு தட்டு 48, ஆக 198 சதுர அடி. 700-ஆல் பெருக்கினால் 1,38,600 உருபா. பாதி விலை சொன்னவர் இரு மடங்குக்கு மேல் வாங்குகின்றார்! இருவரும் பொய் சொல்லவில்லை. 'சதுர அடி' என்னும் ஒரே சொல்லை இருவரும் இரு பொருளில் ஆண்டனர். கேட்டவன் ஒரு பொருளே உண்டென்று எண்ணினான்.

'ரன்னிங் பீட்டு' என்பது ஓட்டடி. நீளத்தை மட்டும் அளப்பது. அடுக்களை மேடைக்கும் அதன் கீழுள்ள பேழைகளுக்கும் இம்முறையில் விலை சொல்வர். உயரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, மேற்சுவர்ப் பேழைகள் அதில் அடங்குமா என்பவற்றை நீளம் ஒருபோதும் சொல்லாது. மேடை ஒரு மூலையில் திரும்பினால், அம்மூலையை இருமுறை எண்ணுவதும் உண்டு. ஒரு சுவரில் பத்தடி, மறுசுவரில் எட்டடி எனின், சுவர்வழியே அளந்தால் 18 அடி. மேடையின் ஆழம் இரண்டடியாதலால், மூலையை ஒருமுறை மட்டும் எண்ணினால் 16 அடி. ஓட்டடிக்கு 4,000 உருபா என்றால் வேறுபாடு 8,000 உருபா. எம்முறையில் அளப்பது என்பதை முன்னரே பேசி முடித்தால் மனக்கசப்பு எழாது.

'சதுரம்' என்று கட்டட வேலைக்காரர் சொல்லும்போது 100 சதுர அடியையும், 'மனை' என்று சொல்லும்போது 2,400 சதுர அடியையும் குறிக்கின்றனர். இவை தமிழ்நாட்டில் ஊன்றிய வழக்குகள். அறியாதவர் அறிந்துகொள்ளல் நன்று.

தரையும் சுவரும்

ஓடுகளை இரு வகையாகக் கொண்டால் போதும். பொதுவான பீங்கான் ஓடு நீரை உறிஞ்சும். 'விட்ரிபைடு' என்னும் ஓடு மிகுசூட்டில் கண்ணாடித்தன்மை பெறுமாறு இறுகியதாதலால் நீரை ஏறத்தாழ உறிஞ்சாது. அதனை நீருறிஞ்சா ஓடு என்றால் அதன் இயல்பு விளங்கும். அவ்வகை ஓடு தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் கொள்ளாது. சுவருக்கென்றே செய்யும் பீங்கான் ஓடு பத்து விழுக்காட்டுக்கும் மேல் கொள்ளும். ஆயிரம் கிராம் எடையுள்ள ஓட்டில் முன்னது கொள்வது ஐந்து கிராம். பின்னது நூறு கிராமுக்கும் மேல். எனவே, சுவரோட்டைத் தரைக்கு இடுதல் ஆகாது. பளபளப்பைப் பார்த்துக் குளியலறைத் தரைக்கு ஓடு தெரிந்தெடுத்தலும் ஆகாது. முதியோர் வழுக்கி விழும் இடம் அதுவே. சொரசொரப்பான பரப்புடையதையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் இவ்விரண்டிலும் சேராது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் பைஞ்சுதையும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுக்குவது, சூளையில் சுடுவதில்லை. சீமையிலிருந்து வந்த பெயர் ஏதுமின்றி, ஊர்ப்பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

'சுகர்ட்டிங்கு' என்பது தரையை ஒட்டிச் சுவரின் அடியில் ஓடும் நான்கு விரற்கடை அளவிலான பட்டி. அடிச்சுவர்ப் பட்டி எனலாம். நீரால் துடைக்கும்போது சுவரின் அடி அழுக்காகாமல் காப்பது அதன் வேலை. அதன் ஓடும் கூலியும் தரை விலையில் அடங்குமா என்பதைக் கேட்டல் வேண்டும். சுவர்ப்பூச்சில் மூன்று படிகள்: மேடுபள்ளம் நிரவப் பட்டி பார்த்தல், பின்னர் அடிப்பூச்சு, அதன்பின் மேற்பூச்சு. ஒவ்வொன்றும் எத்தனை முறை என்பது பட்டியலில் இல்லையெனில், பூசுவோன் விருப்பமே அளவாகிவிடும்.

கூரையும் அடுக்களையும்

'பால்சு சீலிங்கு' என்பதைப் போலிக்கூரை என்று மொழிபெயர்க்கின்றனர். மேற்றளத்திலிருந்து தொங்கவிடப்படுவதால் தொங்குகூரை என்பதே பொருந்தும். சிப்சம் என்னும் கனிமத்தால் ஆன பலகையையோ, அக்கனிமத்தைச் சுட்டு ஆக்கும் பாரிசுச் சாந்தையோ கொண்டு அமைப்பர். பாரிசு நகரின் மோன்மார்த்துக் குன்றில் அக்கனிமம் வெட்டியெடுக்கப்பட்டதால் சாந்துக்கு அப்பெயர் வந்தது. தொங்குகூரை மின்கம்பிகளை மறைக்கும், விளக்கொளியைப் பரப்பும். ஆனால் மேற்றளக் கசிவையும் மறைத்துவிடும். நீர் பட்டால் தானும் கெடும். ஆகவே ஒரு மழைக்காலம் கண்ட பின்னர், கசிவில்லை எனத் தெளிந்து அமைப்பதே அறிவுடைமை. பத்தடி உயர அறையில் எட்டு விரற்கடை (எட்டங்குலம்) இறக்கினால் எஞ்சுவது ஒன்பதடி நான்கங்குலம். மின்விசிறி அதற்கும் கீழே தொங்கும். இறக்கும் அளவை எண்ணால் எழுதி வாங்குக.

'மாடுலர் கிச்சன்' என்பதன் நேர்பொருள், ஒத்த அளவுள்ள கூறுகளாகத் தொழிற்சாலையில் செய்து, வீட்டில் கொணர்ந்து இணைக்கும் அடுக்களை. கூறமைப்பு அடுக்களை எனலாம். 300, 450, 600, 900 மி.மீ. அகலங்களில் கூறுகள் அமைவது வழக்கம். ஆனால் தச்சர் வீட்டிலேயே அறுத்துச் செய்து, தாள்தகடு ஒட்டிய கதவுகளைப் பொருத்தியதையும் அப்பெயராலேயே விற்கின்றனர். தச்சர் வேலை தாழ்ந்ததன்று. பல வேளைகளில் உயர்ந்தது. ஆயினும் எதற்குப் பணம் கொடுக்கின்றார் என்பது வீட்டுடையார்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பெட்டிக்கூடு எப்பலகை, கதவு எப்பலகை, கீலும் இழுப்பறைத் தடமும் கைப்பிடியும் விலையில் அடங்குமா என்று தனித்தனியே கேட்டல் வேண்டும். மேடையின் உயரத்தை எந்நூலும் முடிவு செய்தல் ஆகாது. அங்கு நின்று சமைப்பவரின் முழங்கைக்குச் சிறிது கீழே அமைவதே நல்லுயரம். தாய்மார்களே, அவ்வளவைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். விலை பேசுபவர் அல்லர்.

'இலக்சரி', 'பிரீமியம்', 'கண்டெம்பரரி' என்னும் அணிச்சொற்களும் பட்டியலில் உலவும். அவற்றுக்கு அடியும் இல்லை, அங்குலமும் இல்லை, தடிப்பும் இல்லை. அளக்க இயலாத சொல்லுக்கு ஒரு காசும் கொடுத்தல் ஆகாது.

சொல்லும் பொருளும்

அன்பர்களே! இங்கே ஒரு தடை எழுப்பப்படும். 'ஒட்டுப்பலகை, தாளடுக்குத் தகடு என்று கேட்டால் கடைக்காரர்க்கு விளங்குமா? வடபுலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தச்சர்க்கு விளங்குமா?' என்பர். முதல்நாளில் விளங்காமல் போகலாம். கடையில் உள்ள பெயரை அறிந்து வைத்துக்கொள்ளாதே என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத் தாள் வீட்டுடையாரின் தாள்; அது அவருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். வேற்றுமொழித் தச்சர்க்கு வரைபடமும் எண்ணும் போதும். அளவிட்டு வரைந்த படத்திற்கு மொழித் தடை இல்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். தமிழில் எழுதிவிட்டதாலேயே கடமை முடிந்துவிடாது. 'ஒட்டுப்பலகை வேலை' என்று தூய தமிழில் எழுதி, வகையும் தடிப்பும் எழுதாமல் விட்டால், அதுவும் விளங்காச் சொல்லே. தனித்தமிழ் என்பது அயற்சொல்லுக்குப் பதிலாக ஓர் ஒலியை நிரப்புவதன்று. பொருளை வெளிச்சத்திற்குக் கொணர்வது. வழக்கில் உள்ள சொல்லிருந்தால் அதனையே ஆள்க: நிலை, கீல், பரண் என்பன இன்றும் தச்சர் வாயில் உயிரோடு உள்ளன, 'லாப்டு' என்று சொல்லிப் பரணைக் கொல்ல வேண்டா. புதுப்பொருளாயின், அதன் ஆக்கத்தையோ பயனையோ சுட்டும் சொல்லை அமைக்க: புழங்கு பரப்பு, தொங்குகூரை, நீருறிஞ்சா ஓடு. நல்ல சொல் உடனே வாய்க்கவில்லையாயின், இரண்டு வரியில் விளக்கி எழுதுக. விளக்கம் நீண்டால் தாள்தான் சிறிது மிகுதியாகும், பணம் மிஞ்சும்.

பட்டியல் கைக்கு வந்தவுடன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்க. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு வினாக்களை எழுதுக. இஃது எப்பொருளால் ஆனது? அதன் வகையும் தடிப்பும் என்ன? எம்முறையில் அளந்து விலை கூட்டப்படும்? இவ்விலையில் எவை அடங்கா? நான்கிற்கும் விடை எழுத்தில் வந்த வரிக்கு நேரே ஒரு கோடிடுக. விடை வாராத வரி ஒன்றிருக்கும் வரை கையெழுத்திடற்க. கேட்பது நாணத்தக்க செயலன்று. நேர்மையான தொழிலாளி கேள்வியைக் கண்டு மகிழ்வான், தன் வேலையின் அருமை உணரப்படுவதால். நேர்மையற்றவன் மட்டுமே சினப்பான். அச்சினமே அவனை விலக்குதற்குப் போதிய சான்று.

வேலை முடிந்த பின் அக்குறிப்பேட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டா. தெருவில் அடுத்து வீடு அமைப்பவர்க்கு அதனைக் கொடுத்து உதவுக. பத்து வீட்டார் 'புழங்கு பரப்பு எவ்வளவு?' என்று கேட்டால், பதினோராம் வீட்டுக்காரர் கேட்குமுன் விற்பவரே அச்சொல்லால் விடை சொல்வார். ஒரு சொல் அவ்வாறுதான் வாழத் தொடங்குகின்றது. அகரமுதலியில் ஏறுவது அதற்குப் பின்னரே.

கற்றுக் கேட்டுக் கையெழுத்திடுக! வாழ்க தமிழர் மனை! வெல்க தமிழ்!